தவக்காலத்தில் ஒரு கல்யாணம்

இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்த சில குடும்பங்களுக்கு உடனே இடம் தேடி, வருவாய் ஆய்வாளர் அம்மாள் ஒருவர் அகரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தார். ஊரைக் கூட்டி மாதா கோவில் மண்டபத்தைக் கேட்டார். கிடைக்காவிட்டால் அவர்கள் தாலுகா ஆபீஸ் வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

குள்ளமான உருவம், நெற்றியில் பெரிய பொட்டு. எதிர்த்துப் பேச எழுகிறவர் கையில் முதலில் ஒரு பிடி பொரிகடலையை வைத்துவிடுவார். மென்று முடிப்பதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். முன்பின் தெரியாதவர்கள் வந்து தங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வாயில் கடலையோடு பொய் சொன்னேன்: "அடுத்த வாரம் மண்டபத்துல எம் பேத்தி கல்யாணம்."

பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: "தவக்காலத்துல கல்யாணமா சார்? சாமியாருக்குத் தெரியுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மாளும் சிரித்தார். "அட, ஆமால்ல! ஈஸ்டர் வரைக்கும் ஒங்களுக்குக் கல்யாணமே கெடையாது. அப்ப மண்டபம் சும்மாத்தானே கெடக்கும்?"

பங்குச் சாமியார் உடனே தலையாட்டிவிட்டார்.

மாலையில் வேனிலிருந்து இறங்கியவர்களிடம் அம்மாள் என்னைக் காட்டி, "இந்த சாராலதான் எடம் கெடச்சுச்சு" என்றார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் என்னைக் கும்பிட்டாள். கூசிப்போய் வீட்டுக்கு ஓடி, இருந்த பாய்களையெல்லாம் சுமந்து வந்தேன். அந்த அம்மாள் என்னைக் கேலி செய்தாரா, மன்னித்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.