கட்டை விரலுக்கு ஒரு டிவி

இரும்பு கடையும் லேத் மெஷினில், இரும்பை இறுக்கி முடுக்கும் சாவி நழுவி என் வலது கை மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. கட்டை விரல் மட்டும் மடங்கவில்லை. மடங்கினால்தான் மறுபடி லேத். சூப்பர்வைசர் அதை ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். யுகாதி வரைக்கும் பார்க்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் தூக்கம்தான் வந்தது.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முனையில் ரேடியோ ரிப்பேர்க் கடை. கடைக்காரர் என் வயசுக்காரர். வேலை இல்லாததால் அங்கே போய் உட்காருவேன். அவர்தான் சொன்னார்.

"டிவி கேம் ஆடறவனுங்க கட்டை விரலைப் பாத்திருக்கியா? நிக்கவே நிக்காது. உன் வீட்டு போர்ட்டபிள் டிவில கேமை மாட்டு. உக்காந்து தட்டு."

"அது செத்துப் போச்சுப்பா."

"சேனல் பிடிக்கிற டியூனர்தான் செத்துச்சு. படக்குழாய் உசுரோட இருக்கு."

பிடி வைத்த சின்ன கறுப்பு வெள்ளை டிவி. சேனல் எதுவும் எடுக்காமல் பரண்மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கூடு உடைந்த டிவி கேம் ஒன்று வாங்கினேன். உள்ளே போர்டு நன்றாக இருந்தது. செத்த டியூனரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போர்டை வைக்க வேண்டும். படம் டியூனர் வழியாகப் போகாமல் நேராக உள்ளே போக வேண்டும். டிவிக்குப் பன்னிரண்டு வோல்ட், கேமுக்கு ஐந்து. குறைப்பதற்கு மூன்று கால் ஐசி ஒன்று கொடுத்தார் கடைக்காரர். எங்கெங்கே ஒயர் சேர வேண்டுமோ அங்கே சுண்ணாம்பால் புள்ளி வைத்தார்.

ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்க என் கை ஆகாது. பெண்டாட்டி ஊதுபத்தி உருட்டுகிறவள், விரல் நடுங்காது. சூட்டுக்கோலை அவளைப் பிடிக்கச் சொன்னேன்.

"ஆட்டாத மே."

"நீ வாயை ஆட்டாம இரு. உன் கை போச்சுன்னு என் கையையும் சுட்டுக்கணுமா?"

ஈயம் புள்ளியில் சரியாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டோம். படம் வந்தது, ஆனால் நிற்காமல் மேலே மேலே ஓடியது. பின்னால் இருந்த குமிழை அவள் திருப்பினாள். நின்றது.

அன்றிலிருந்து தினமும் ஆடினேன். குதிப்பதற்கு ஒரு பட்டன், சுடுவதற்கு ஒன்று. முதலில் கட்டை விரல் பலகை மாதிரி அப்படியே இருந்தது. கேமில் என் ஆள் குழியில் விழுந்துகொண்டே இருந்தான். சமையலுக்கு நடுவில் அவள் எட்டிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு எத்தினி பேரைக் கொன்ன?"

கேமோடு வந்த இரண்டாவது பட்டன் பிடியை எடுத்து அவளும் ஆடுவாள். என்னைவிட நன்றாக ஆடினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பந்து எங்கேயோ உருண்டு போயிருந்தது, தேடவில்லை. மழைக்காலம் போய்க் குளிர் வந்தபோது விரல் பாதி மடங்கியது. பிறகு முழுசாக மடங்கியது. கடைக்காரரிடம் மடக்கிக் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

யுகாதி முடிந்து பீன்யாவில் எங்கள் ஃபேக்டரிக்குப் போனேன். சூப்பர்வைசர் விரலை மடக்கச் சொன்னார். மடக்கினேன். தலையாட்டினார். லேத் பக்கம் கூட்டிப்போய் சாவியைக் கையில் கொடுத்தார்.

"முடுக்கு."

கையை இறுக்கினேன். சாவி வழுக்கி டிரேயில் விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினேன். மறுபடி விழுந்தது.

"ஆகல்ல, பிடப்பா," என்றார் கன்னடத்தில், ஆகாது விடு என்று. சாவியை வாங்கிக்கொண்டார். "விரல் மடங்குதே, அப்புறம் என்ன?"

"அமுக்க வருது சார். பிடிக்க வரல."

சாவியை டிரேயில் வைத்தார். வேறு இடம் பார்க்கிறேன், நாளைக்கு வா என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"லேத்தா?"

"இல்ல."

"வேலை?"

"நாளைக்குச் சொல்றாராம்."

கையைத் துடைத்துவிட்டு எழுந்து சோறு போட்டாள்.

மறுநாள் கிரேனில் போட்டார்கள். மேலிருந்து தொங்கும் பெட்டியில் பட்டன்கள். அமுக்கினால் பாரம் ஏறும், இறங்கும். சம்பளம் லேத்தைவிடக் குறைவு. மிச்ச வருஷமெல்லாம் அதில்தான் ஓடியது. லேத் வரிசையைத் தாண்டும்போது நிற்காமல் போவேன்.