ஸ்டிக்கர் இல்லாத பிபி மிஷின்

எப்படி வலிக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விண் விண்ணென்று தெறிக்கிறது. இடது பொட்டில் ஆரம்பித்துக் கண்ணுக்குப் பின்னால் இறங்கும். நாடி துடிக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து துடிக்கும். வெளிச்சம் பட்டால் குமட்டும். பக்கத்தில் யாராவது எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைத்துவிட்டால் அவர்களைக் கடித்துக் குதறலாம் போலிருக்கும். இயல்பிலேயே நான் கொஞ்சம் சிடுமூஞ்சி. வலி வந்த நாளில் வீட்டில் யாரும் என் பக்கம் வர மாட்டார்கள்.

யாரும் என்றால் ஒரே ஒருவர்தான், என் கணவர். அவருக்குக் குந்தாரப்பள்ளிப் பக்கம். அப்பா காலம் வரைக்கும் காட்டு வேலை, கூலி வேலை. இவர்தான் முதன்முதலாக ஓசூருக்கு வந்து தொழிற்சாலைக்குள் நுழைந்தவர். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வேலை. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வண்டிகளுக்கு ஒயர் செட் செய்யும் கம்பெனியில், லென்ஸ் பொருத்திய விளக்குக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து அனுப்புவது என் வேலை.

என் வலிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முடிவில் எல்லோரும் பிபியில்தான் வந்து நின்றார்கள். வீட்டுக்கார அம்மா தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர். "தலநொப்பியா? அது பிபியேதாம்மா. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் அடிக்கும்" என்றார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவள், முகத்தைப் பார்த்தாலே பிபி தெரிகிறது என்றாள். என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருந்ததோ.

என் கணவரோ மிஷினை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"பிரஷர் ஏறினா ஹோஸ் துடிக்கும், பம்ப் சத்தம் மாறும். தெனமும் பாக்கறேன். உனக்குத் துடிக்குது, எனக்குத் துடிக்கல. இதுக்கு மேல டாக்டர் என்னா சொல்லப் போறாரு?"

அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்ததால் நானும் நம்பினேன். அழுத்தம் கூடினால் எங்காவது துடிக்க வேண்டும், துடிக்காத இடத்தில் அழுத்தம் இல்லை. அவர்கள் பிரஸ் ஷாப்பில் பாதிப் பேர் உடம்பைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். வருஷா வருஷம் தொழிற்சாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும்போதும் இவர், "நமக்கு என்னா, மத்தவங்க போகட்டும்" என்று மிஷின் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் மாத்திரை எழுதுவார், ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று பயம். அதற்குப் பதிலாக என் கணவர் என் சாப்பாட்டிலிருந்து உப்பை எடுத்துவிட்டார். மாதக்கணக்கில் உப்பில்லாத களியும் உப்பில்லாத கீரையும் தின்றேன். உப்பில்லாத களியைத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். எதிரே உட்கார்ந்து அவர் மட்டும் ஊறுகாயையும், சந்தையில் வாங்கிவந்த கருவாட்டையும் வெளுத்து வாங்குவார். கேட்டால், "எனக்கு என்னா பிபியா இருக்குது?" என்பார்.

அது போதாதென்று விளக்கு விவகாரம் வேறு. சமையலறை டியூப் லைட் மங்கலாக எரிகிறது என்று புதிதாக ஒன்று மாட்டினார். சில வாரத்தில் அதுவும் மங்கல் என்றார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் டியூப் மாட்டும் பட்டி இன்னொன்றை அடித்து இரண்டாவது டியூப்பையும் போட்டார். வெளிச்சம் என்றாலே உயிர் போகிற எனக்கு அந்த அறை நரகமாகிவிட்டது. "என்னைச் சாகடிக்கணும்னே பண்றீங்களா?" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் வலி அவருக்கு விளையாட்டாகிவிட்டது என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். பக்கத்திலிருந்தவர்கள் போன் செய்ய, அவர் லீவு போட்டுவிட்டு ஓடிவந்து என்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றியபோது என் கணவர் குனிந்து பிபி மிஷினை முன்னும் பின்னும் ஆராய்ந்தார்.

"சிஸ்டர், இதுல காலிபிரேஷன் ஸ்டிக்கர் எங்க?"

அவர்கள் ஷாப்பில் அழுத்தம் காட்டும் ஒவ்வொரு கேஜிலும் அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்த தேதியோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாத கேஜைத் தொடக்கூட மாட்டார்கள். நர்ஸுக்கு அவர் கேட்டது புரியவில்லை. மிஷின் உஸ்ஸென்று காற்றை விட்டது.

"நார்மல்தான்க்கா. நூத்திப் பதினாறு, எழுபத்தாறு."

"இருக்காது சிஸ்டர். கேஜ் தப்பு" என்றார் இவர்.

எனக்கு மானம் போனது. அதற்கப்புறம் அவர் செய்ததை எந்த வாத்தியாரும் டாக்டரும் செய்திருக்க மாட்டார்கள், பிரஸ் ஷாப்காரர்தான் செய்வார். கேஜ்மேல் சந்தேகம் வந்தால், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டை வைத்துச் சோதிப்பது அவர்கள் வழக்கம். அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பெயர். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என்னை நகரச் சொன்னார்.

"என் கையில போட்டுப் பாருங்க. நான்தான் மாஸ்டர் பீஸு. எனக்கு நார்மல்னு காட்டினா மிஷின் கரெக்டு."

நர்ஸ் சிரித்துக்கொண்டேதான் சுற்றினாள். எண்கள் வந்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. பட்டையைக் கழற்றி அடுத்த கையில் சுற்றினாள். பிறகு தன் கையிலேயே சுற்றிப் பார்த்தாள்.

"பாத்தியா, மிஷின் போச்சு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார் இவர்.

"மிஷின் நல்லாத்தாண்ணா இருக்கு. நீங்க அப்படியே உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் டாக்டர் அறைக்கு ஓடினாள்.

டாக்டர் தானே வெளியே வந்தார். வேறு கருவியில், கையால் பம்ப் அடித்து, காதில் கேட்டு அளந்தார். இருநூற்றுப் பத்து, நூற்று முப்பது. தப்பான ஆளுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றியது. நோயாளி நான். வாந்தி எடுத்தவள் நான். காலையில் ரெண்டு உருண்டை களியும் கருவாடும் தின்றுவிட்டு வந்து நர்ஸைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவருக்கு எப்படி?

"எனக்குத் தலைவலியே வந்ததில்லைங்களே டாக்டர்" என்றார் இவர். குரல் இறங்கியிருந்தது.

"பெரும்பாலும் வராதுங்க. ரொம்ப எகிறினா சிலருக்கு வரலாம். தலைவலிய வச்சு பிபி இருக்குன்னோ இல்லன்னோ சொல்லவே முடியாது. அளந்து பாத்தாத்தான் தெரியும்."

எனக்கு வந்தது ஒற்றைத் தலைவலியாம். விடிகாலை பஸ்ஸுக்காகச் சாப்பிடாமல் ஓடுவது, ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுவது, கண்ணில் அடிக்கும் விளக்கு, இஷ்டத்துக்கு விழுங்கிய வலி மாத்திரை என்று டாக்டர் அடுக்கினார். எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. என் கணவரை அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே ரத்தம், இருதயம் எல்லாம் பார்த்தார்கள். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"எவ்வளவு நாளா மங்கலா தெரியுது?"

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க. வீட்டுல லைட்டுதான் சரியில்ல" என்றார் இவர்.

இரண்டு கண்ணிலும் பின்பக்கம் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். பிபி கட்டுக்குள் வந்தால் கொஞ்சம் தேறலாம், போனது எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது, இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் பேசப் பேச எனக்கு டியூப் லைட் கடைக்காரன் ஞாபகம்தான் வந்தது. ஒன்றும் அறியாத அந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கிறோம்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் வரும்போதே எனக்கு இடது பொட்டில் தெறிக்க ஆரம்பித்திருந்தது. அவரைச் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, இரண்டு விளக்கையும் போட்டேன். வெளிச்சம் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. ஒன்றையாவது அணைத்துவிடலாம் என்று சுவிட்சுக்குக் கை போனது.

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் எரியுதா?" என்றார்.

"ரெண்டும் எரியுதுங்க."

சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு விளக்கும் எரிய, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இரண்டு பேருக்குமாகக் குழம்பைக் கூட்டினேன். உப்பு போடவில்லை.