கார் நிறுத்தும் குழியில் காவிரி

எங்கள் கட்டடத்தை இடித்தபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. பழமையான கட்டடம் போகிறதே என்று சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு உருகினார்கள். அவர்களில் ஒருவரும் அதன் மாடிக் கழிவறைக்குள் போயிருக்க மாட்டார்கள்.

தஞ்சாவூரில் நாலு பக்கமும் பஸ் திரும்பும் முக்கில் இருந்தது அந்தக் கட்டடம். மேலே வக்கீல்கள், ஆடிட்டர், இன்சூரன்ஸ் ஆபீஸ். கீழே என் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. வாசலில் இடுப்பு உயரத்துக்குப் படிக்கட்டு. ஏறி வருகிறவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள். ஆனால் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் போகிறது. காவிரித் தண்ணீர் வரும் புது ஆற்றிலிருந்து பிரிந்து, டவுனைத் தாண்டி வயல்களுக்குப் போகிற வாய்க்கால். கட்டியவர் அதைப் பார்த்துத்தான் தரையை உயர்த்தியிருந்தார்.

இப்போது ஓனர் அவருடைய மகன். ஊரில் விவசாயிகள் சங்கத் தலைவரும் அவர்தான். வருடா வருடம் ஆனி மாதம், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று காய்ந்த நாற்றைக் கையில் பிடித்தபடி அதே முக்கில் மறியலுக்கு உட்காருவார். மனு அடித்துக் கொடுப்பது நான். அந்த வாய்க்காலின் கடைமடையில்தான் என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்த வயல் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் மனதாரத்தான் அடித்தேன். ஓனர் வயலில் போர்வெல் ஓடுகிறது, வாய்க்கால் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"இடிச்சிட்டுப் புதுசா கட்டப்போறேம்மா. லிப்ட்டு, ஏ.சி., தரைக்குக் கீழ கார் பார்க்கிங். முக்குக் கடை உனக்குத்தான், போ" என்றார்.

நம்பினேன். எதிர்ச்சாரியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இடம் பிடித்து மெஷினையும் கம்ப்யூட்டரையும் நகர்த்தினேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு டேபிள் ஃபேனைத் தவிர வேறு எதுவும் வைக்க இடமில்லை. முக்குக் கடை வரும் வரைதானே என்று குனிந்தே வேலை பார்த்தேன்.

மாசியில் இடித்தார்கள். சித்திரையில் குழி வெட்டினார்கள். அப்போது வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. தண்ணீர் ஓடினால் வாய்க்கால், காய்ந்தால் குப்பை கொட்டும் இடம். ஜேசிபி கரையை வெட்டி லாரிக்குப் பாதை போட்டது. ஓனர், காண்டிராக்டர், இன்ஜினியர், குழிக்குள் இறங்கிய ஆட்கள் எல்லாருமே வாய்க்காலில் குளித்து வளர்ந்தவர்கள். ஆனியில் தண்ணீர் திரும்பி வருமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வந்தது. பாலத்தில் நின்று ஜனங்கள் பூத் தூவிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் குழிக்குள் நாலு சுவரிலும் தண்ணீர் கசிந்து கம்பியெல்லாம் முழுகியது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீரை எங்கே விட்டார்கள்? அதே வாய்க்காலில். அது வெட்டிய கரை வழியாக மறுபடி குழிக்கே வந்தது.

டீக்கடையில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம். "என்னங்க, மால் கட்டுறாங்களா, மீன் பண்ணை கட்டுறாங்களா?"

"கார எங்கங்க நிறுத்துறது, பரிசல்தான் விடணும்."

அன்று சாயங்காலம் ஓனர் என் கடைக்கு வந்தார். குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

"ஏம்மா, ஒரு மனு அடிக்கணும்."

"தண்ணி விடச் சொல்லித்தானண்ணே? பழசு இருக்கு, தேதிய மட்டும் மாத்திடுறேன்."

"அது இல்ல. நம்ம வாய்க்கா மதகக் கொஞ்ச நாளைக்கு அடைக்கச் சொல்லி. கரை பலவீனமா இருக்கு, பொதுமக்களுக்கு ஆபத்துன்னு போடு."

"கரைய வெட்டினது உங்க ஜேசிபிண்ணே."

"அத நீ அடிக்க வேணாம்."

"நாங்க குறுவைக்கு நாத்து விட்டிருக்கோம்ணே. இப்ப அடைச்சா எல்லாம் போயிடும்."

"குத்தகை வயலுதானே, ஒரு போகம் போனா என்ன? உனக்கு முக்குக் கடை வேணுமா, வேணாமா?"

கம்ப்யூட்டரை நிறுத்தினேன். "கரண்ட் இல்லண்ணே."

டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிமிர்ந்தார். தலை இடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மனுவை வேறு கடையில் அடித்துக்கொண்டார். மதகை அடைத்தார்கள். தலைவரே கேட்கும்போது யார் மறுப்பார்கள்? எங்கள் நாற்றங்கால் பழுத்துச் சருகானது. வீட்டுக்காரர் அக்கம்பக்கத்து ஊர்களில் அலைந்து நாற்று வாங்கித் தாமதமாக நட்டார். அறுவடை மழையில் மாட்டியது. முளைத்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காய வைத்தோம். அந்த ரோட்டில் ஓனர் கார் போனதைப் பார்த்தேன்.

கட்டடம் எழும்பியது. முழுக்கக் கண்ணாடி, வெயிலில் பார்த்தால் கண் கூசும். முக்குக் கடையில் செல்போன் ஷோரூம் வந்தது. எனக்கு ஒரு போன் கூட வரவில்லை. வருமென்று நானும் எதிர்பார்க்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதமெல்லாம் கீழ்த்தளத்தில் மோட்டார் ஓடுகிறது. இப்போது தண்ணீரை ரோட்டில் விடுகிறார்கள். சிக்னலில் நிற்கிறவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் இன்னும் அந்த மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறேன். இந்த ஆனியில் சங்கத்து ஆள் ஒருவர் வந்தார்.

"அக்கா, நாளைக்கு மறியல். பழைய மனுவையே அடிச்சு வைக்கச் சொன்னாரு தலைவரு."

"எந்த மனு? தொறக்கச் சொன்னதா, அடைக்கச் சொன்னதா?"

சிரித்தார். "தொறக்கத்தாங்க்கா. கடைமடைக்கு இன்னும் தண்ணி வரலையே."

"அவரு கட்டடத்துக்கு அடியிலதான் நிக்குது. மொண்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

இப்போது சிரிக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் அடித்துக் கொடுத்தேன். அடிக்காமல் என்ன செய்வது? இந்த வருடமும் நாற்று விட்டிருக்கிறோம். தலைவர்மேல் உள்ள கோபத்தில் என் வயலையே காயப் போட எனக்கு என்ன பைத்தியமா?

சங்கத்து ஆள் தாளை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தார். இப்படிக்கு, கடைமடை விவசாயிகள் என்று முடித்திருந்தேன்.

"தலைவர் பேரு விட்டுப்போச்சேக்கா."

"விட்டுப்போகல" என்றேன்.