சத்தம் போடாத பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் பிள்ளை பெற்றோம், நானும் பசுவும். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவமே பாகூரில், புகுந்த வீட்டில்தான்.

பசுவுக்குத் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. எனக்குப் பத்தியம். மில்லில் இரண்டு தடவை தீட்டிய அரிசியை மாமியார் ஏழு தண்ணீரில் கழுவுவார். கஞ்சியை வடித்து, அதையும் பசுவுக்கே ஊற்றிவிட்டு, சோற்றில் எனக்கு மிளகு ரசம் விடுவார். கீரை கேட்டால் குழந்தைக்குச் சீதளம், பயறு கேட்டால் வாயு. மூன்று மாதம் கழிந்தும் பத்தியம் முடியவில்லை.

"மல்லிப்பூ மாரி வெள்ளச் சோறு துன்ற. இன்னாடி கொற உனுக்கு?" என்பார். எதிர்த்துப் பேச எனக்கு வாய் இருந்தது, உடம்பில் தெம்புதான் இல்லை.

நாலாம் மாதம் என் மகள் சாதுவாகிப் போனாள். அழுதால் முகம் சுருங்கும், வாய் திறக்கும், சத்தம் மட்டும் வராது. மாமியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எங்க வூட்டுப் புள்ள சத்தமே போடாது" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்? பக்கத்து வீட்டுக் குழந்தை ஊரைக் கூட்டும்போதெல்லாம் 'வளர்ப்பு சரியில்லை' என்று உதட்டைச் சுழித்திருக்கிறேன்.

கடற்கரையிலிருந்து வரும் மீன்காரிதான் ஒருநாள் கூடையை இறக்கிவிட்டுக் குழந்தையை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, புள்ள அழுவுதே. சத்தம் எங்க?"

உடனே வண்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் குழந்தைக்கு ஊசி போட்டார். பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"பால்ல சத்து இல்லாமத்தான் புள்ளைக்குக் குரலே அடைச்சிருக்கு. தாய்க்குச் சத்து இல்லாட்டி பால்ல எப்படி வரும்? அரிசியோட சத்தெல்லாம் தவுட்டுல போயிடுது. அந்தத் தவுட்ட இன்னா பண்றீங்க?"

மாமியார் நெஞ்சை நிமிர்த்தினார். "மாட்டுக்கு வைக்கறோம் டாக்டரய்யா. கன்னுக்குட்டி கொழுகொழுன்னு இருக்குது!"

"கன்னுக்குட்டி நல்லா இருக்கும்மா. உங்க பேத்திதான் போயிடப் பாத்தா."

எனக்கு மாத்திரை கொடுத்து, பயறும் கீரையும் தீட்டாத அரிசியும் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் புதுத் தவிட்டைச் சலித்து, வறுத்து, வெல்லம் போட்டுப் பிடித்து என் முன்னால் வைத்தார். "துன்னு." பசு கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது. தொண்டையில் ஒட்டிக்கொண்டாலும் மூன்று உருண்டை தின்றேன். பசுவுக்கு அன்று வெறும் வைக்கோல்.

இரண்டாம் நாள் மத்தியானம் குழந்தை வீறிட்டது. தெருவில் நாலு பேர் எட்டிப் பார்க்கும்படி வீறிட்டது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். மாமியார் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை வாரி எடுத்தார். "அழுவுடி, நல்லா அழுவு" என்று சொல்லிச் சொல்லி, தானும் அழுதார். இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் கணவர்தான் அவருக்குத் தலைச்சன் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

"இவனுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சிடி" என்றார். "அதுவும் சத்தமே போடாது. சாதுப் புள்ளன்னு நானும் தெருவெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்."