அம்மாவுக்கு வைத்த ஏழு தட்டுகள்

என் அம்மா சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இதை யாரிடம் சொன்னாலும், "எல்லா வீட்டுலயும் அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எல்லா வீட்டிலும் நடந்தால் அது சரியாகிவிடுமா? எனக்கு அப்போதும் எரிச்சல்தான், இப்போதும் எரிச்சல்தான்.

கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான பண்டமாரானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள். நான்காவதில் பழைய பேப்பர்தான் அடுக்கியிருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து அப்பா உட்காருவார், தம்பி உட்காருவான், வெட்கமில்லாமல் நானும் உட்காருவேன். அம்மா நின்றபடி பரிமாறுவாள். அப்பா கை கழுவிய பிறகுதான் அவள் சோற்றில் கை வைப்பாள். அதுவும் அடுப்புப் பக்கத்தில் நின்று, குழம்புச் சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி. துண்டு மீன் மிஞ்சினால் மீன், இல்லாவிட்டால் வெறும் குழம்பு. "அவளா வச்சிக்கிட்ட பழக்கம், நானா சொன்னேன்?" என்பார் அப்பா. அவர் சொல்லவில்லைதான். வேண்டாம் என்றும் ஒரு நாள் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் செயலாளராக இருந்தேன். பிரிக்பீல்ட்சில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒருமுறை என் முதலாளி வெளிநாட்டு விருந்தாளிகளைப் பெரிய ஓட்டல் ஒன்றின் பிரெஞ்சு உணவகத்துக்கு அழைத்துப் போனார். குறிப்பெடுக்க நானும் போனேன். அங்கே நாம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சமையல்காரரே முடிவு செய்த ஏழு வகை, ஒவ்வொன்றிலும் மூன்று வாய்க்கு மேல் இராது, ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேசையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வைப்பார்கள். எல்லாரும் முடித்ததும் ஒரே நேரத்தில் எடுப்பார்கள். யாரும் யாருக்கும் பரிமாற வழியே இல்லை. பார்த்த உடனே எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. இங்கே அவள் எப்படி நின்றுகொண்டிருக்க முடியும்? உட்கார்ந்து, நம்மோடு சேர்ந்து, சூடாகச் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்!

அம்மாவுக்கு ஐம்பது வயது நிறைந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அதே உணவகத்தில் நான்கு இடம் சொல்லி வைத்தேன். மாட்டிறைச்சி கூடாது என்று இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னேன். தம்பி காரில் எல்லாரையும் அழைத்து வந்தான். அம்மா தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையில், தலை நிறைய மல்லிகையோடு வந்தாள். நாற்காலியை இழுத்துப் பிடித்த பரிமாறுபவர் நரைத்த மீசை வைத்த தமிழர், ரவாங் ஊர்க்காரர். "உக்காருங்கக்கா, இன்னிக்கு நீங்கதான் ராணி" என்றார். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

முதல் தட்டு வந்தது. உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில் காளான் சூப். அப்பா இரண்டு உறிஞ்சில் முடித்தார். தம்பியும் முடித்தான். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்ததும் இவள் தன் கரண்டியை எடுத்தாள். அதே நேரத்தில் அந்த மீசைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "எடுத்துடலாமாக்கா?" என்று அவர் கேட்க, மற்ற எல்லாருடைய கிண்ணமும் காலியாக இருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, "எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

முதல் தடவை, தெரியாமல் நடந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவதாக இறால் வந்தது. அம்மா தன்னுடையதை முள்கரண்டியால் குத்தி அப்பா தட்டில் வைத்தாள். அவர் அதையும் சேர்த்துத் தின்றார். மூன்றாவது மீன். திரும்பவும் அதே காத்திருப்பு, அதே "எடுத்துக்கப்பா". தொடாத தட்டு அப்படியே உள்ளே போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, அடுத்ததையாவது ஆறுறதுக்கு முன்னாடி சாப்பிடும்மா."

"அப்பா முடிக்கட்டும் லா. எனக்கு என்ன அவசரம்?"

"அப்பா முடிச்சா அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க! பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

"சத்தம் போடாத" என்றாள். தம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

நான்காவதாக வந்தது ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், அதில் ஒரு கரண்டி எலுமிச்சை ஐஸ். இறைச்சிக்கு முன்னால் நாக்கைக் கழுவிக்கொள்வதற்காம். அப்பா நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, "சே, பல்லு கூசுது" என்று தள்ளி வைத்தார்.

"உங்களுக்கு வேணாமா?" என்று அம்மா கேட்டாள்.

"வேணாம்."

அவர் வேண்டாம் என்றதும் அம்மா கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். தன்னுடையதை முடித்துவிட்டு அப்பாவுடையதையும் இழுத்து வைத்துக்கொண்டாள். கரண்டியை முன்னும் பின்னும் நக்கினாள். "என்னாடி இது, எலுமிச்சம்பழத்துல ஐசு! நாக்குல வச்ச ஒடனே காணாமப் போவுது" என்று என் தொடையைக் கிள்ளினாள். ஒரு சாப்பாட்டுச் சாமானைப் பற்றி அவள் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன். நான் என் கிண்ணத்தையும் நகர்த்தினேன். "நீ சாப்பிடு" என்று திருப்பித் தள்ளிவிட்டாள்.

ஐந்தாவதாக வாத்து இறைச்சி வந்ததும் அம்மாவின் கை மறுபடி மடிக்குப் போய்விட்டது. நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

"அப்பா, நீயும் சாப்பிடுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா அம்மா சாப்பிடுவாங்க."

"நான் என்ன அவ வாயையா கட்டி வச்சிருக்கேன்?" என்றார், வாத்தை மென்றுகொண்டே. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தண்ணி" என்றார்.

அம்மா எழுந்துவிட்டாள். அந்த வெள்ளைத் துணி மேசைகளுக்கு நடுவே, பச்சைச் சேலையும் மல்லிகையுமாக நடந்து போய், சுவர் ஓரம் இருந்த தண்ணீர்க் கூஜாவைத் தூக்கினாள். மீசைக்காரர் ஓடி வந்தார். "ஐயோ அக்கா, நீங்க உக்காருங்க, நான் ஊத்துறேன்!" அம்மா கூஜாவை விடவில்லை. அப்பாவுக்கு ஊற்றினாள், தம்பிக்கு ஊற்றினாள். பக்கத்து மேசைச் சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. "அம்மாவுக்குப் பழகிப்போச்சு லா, விடு" என்று தம்பி சிரித்தான்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று நான் கத்திவிட்டேன். அப்பாவைப் பார்த்துத்தான் கத்தினேன். பதில் சொன்னது அம்மா.

"நாலு பேரு முன்னால அப்பாவ எதுத்துப் பேசுறதுக்குத்தான் இங்க கூட்டியாந்தியா? இதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு வந்த ஆட்டிறைச்சியையும் கேக்கையும் நானும் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. அப்பாவும் தம்பியும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாளாம், "பெரிய ஓட்டலு. அவருக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

மூன்று வருஷம் கழித்து, ஒரு காலை நேரத்தில், பாசாருக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வந்து பையைக் கீழே வைத்த அம்மா அப்படியே சாய்ந்துவிட்டாள்.

எட்டாம் நாள் படையலுக்கு அத்தை வந்து சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்க வேண்டும். "அண்ணிக்கு என்னென்ன புடிக்கும்?" என்று அத்தை கேட்டார். அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "மீன் தல கறி. சுறாப்புட்டு. நண்டு." தம்பி, "உளுந்து வடை" என்றான். முதல் மூன்றும் அப்பாவுக்கு உயிர். வடை தம்பிக்கு. இருபத்தெட்டு வருஷம் அம்மா கையால் தின்ற எனக்கே அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். பிழிந்து, சீனி கரைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நடுநடுவே எடுத்துக் கரண்டியால் கீறிக் கீறி உறைய வைத்தேன். படையல் போட்டதும் ஒரு கிண்ணத்தில் எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன்.

"இது என்னா கூத்து?" என்றார் அப்பா.

"அம்மாவுக்குப் புடிச்சது."

"ஒங்கம்மாவுக்கா? எனக்குத் தெரியாம அவளுக்கு என்னா புடிக்கும்?"

சாம்பிராணி காட்டி, அம்மா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். அவள் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அம்மா உள்ளே முதல் பந்தியில் இருந்தாள், அப்பா வெளியே காத்திருந்தார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"போதும், கதவத் தொறங்க. பசிக்குது" என்றார்.

திறந்தார்கள். எலுமிச்சை ஐஸ் பாதிகூடக் கரைந்திருக்கவில்லை.