ஒட்டுச் சோப்பு

சோப்பு தேய்ந்து சில்லாகி, விரலுக்கு அகப்படாமல் போனாலும் எங்கள் வீட்டில் எறியமாட்டோம். புதுச் சோப்பை நனைத்து, பழைய சில்லை அதன் முதுகில் அழுத்தி ஒட்டிவிடுவோம். இரண்டு குளியலில் இரண்டும் ஒன்றாகிவிடும். நானும் அப்படி, எனக்கு வாய்த்த மனைவியும் அப்படி. 'எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஜோடி' என்று எங்கள் ஊர் திருவிடந்தையில் கேலி செய்வார்கள். செய்யட்டுமே. நாங்கள் யாரிடமும் கை நீட்டியதில்லை.

அப்படிப்பட்ட எனக்கு, எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. கடலுக்குப் போனால் சோறு, போகாவிட்டால் இல்லை என்றிருந்த குடும்பத்தில் மாதச் சம்பளத்தை முதலில் கண்ணால் பார்த்தவன் நான்தான். ஆனால் அந்த வேலையில் பாதி, நல்ல பொருளைக் குப்பையில் போடுவது. ஒருமுறை கை கழுவிய சோப்பு, ஓரம் கடித்த ரொட்டி எல்லாம் வாளிக்குள் போகும். எனக்கு வயிறு எரியும். கூட வேலை செய்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னா அண்ணாத்த, உன் வூட்டு சொத்தா போவுது? வீசிட்டு வா."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவனுக்கு அது அவ்வளவு சுலபமா?

ஒருநாள் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்காக அறையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். புதுச் சோப்பின் உறையைப் பிரித்தவன், முந்தைய விருந்தாளி விட்டுப்போன ரோஸ் நிறச் சில்லை அதன்மேல் பதமாக ஒட்டிவைத்துவிட்டேன். வீட்டு நினைப்பு. செய்ததே எனக்குத் தெரியாது. சாயங்காலம் அந்த அம்மா, யாரோ குளித்த சோப்பு என்று அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு மேனேஜரிடம் போய்விட்டார்.

"நாளைக்கு ரூம் பக்கம் போவாத. நேரா என்னாண்ட வா," என்றார் மேனேஜர்.

வீட்டில் சொன்னேன். மனைவி எழுந்து போய் அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மேனேஜரின் மேஜைமேல் அந்தச் சோப்பு இருந்தது.

"இன்னாய்யா இது?"

"எங்க வூட்டுப் பழக்கம் சார். கை தன்னால செஞ்சிடுச்சி."

"எத்தினி ரூம்ல ஒட்டி வெச்ச?"

"இது ஒண்ணுதான் சார், சத்தியமா."

நகத்தால் சில்லைப் பெயர்க்கப் பார்த்தார். அசையவில்லை. அந்தப் பயத்திலும் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்ததை மறைப்பானேன்!

"ரூமுக்கு நீ ஆவமாட்ட," என்றார்.

நான் கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"ஸ்டோர்ல சக்கரை, சோப்பு, துணி எல்லாம் தண்ணியா போய்கினு கீது. கேட்டதுக்கு மேல அள்ளிக் குடுக்கறானுங்க. இந்தா சாவி. இனிமே நீ அளந்து குடு."

சம்பளம் அதேதான். கஞ்சத்தனத்துக்கும் காசு தரும் உத்தியோகம் உலகத்தில் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலை பூடும்னு நெனச்சி, உலைல அரிசிய பாதியா கொறைச்சிட்டேன்யா."

அன்று இரண்டு பேரும் அரை வயிறுதான் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.