எல்லா மதத்துக்கும் ஒரே பண்டிட்ஜி

என் கணவர் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர் இல்லை, பூஜை செய்தவர். ரெஜிமென்டுக்கு ஒரு பண்டிட்ஜி உண்டு என்பதே எங்கள் ஊர் ஸ்ரீவராகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோயில், பள்ளிவாசல், குருத்வாரா, சர்ச் எல்லாம் அங்கே ஒரே கூரைக்குக் கீழே இருக்குமாம். மௌல்வியோ பாதிரியாரோ வந்து சேர முடியாத எல்லைப் போஸ்ட் என்றால் அவர்கள் வேலையும் இவர் தலையில்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசிப்பார். பெருநாளன்று தொழுகைக்குப் பாய் விரித்துக் கொடுப்பார். லீவில் வந்தால் மட்டும் மடி, எச்சில் என்று என் உயிரை வாங்குவார். கேட்டால், "அது டியூட்டி, இது ஆத்துக் காரியம்" என்பார். பட்டாளத்துக்காரரிடம் வாதாடி யார் ஜெயித்தார்கள்?

அவர் ஓய்வு பெற்று வந்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, வித்துராவிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மாள் வந்தாள். மலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள், கிறிஸ்தவள். அவள் மகன் இவருடைய ரெஜிமென்டில் சிப்பாயாக இருந்து, பனிமலைப் போஸ்டில் இறந்துபோனவன். உடல் ஊருக்கு வரவில்லை; அவனுடைய இரும்புப் பெட்டிதான் வந்தது. கூட இருந்த ஒருவன் லீவில் வந்தபோது, கடைசிக் காரியம் செய்த பண்டிட்ஜி ஸ்ரீவராகத்துக்காரர் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல், மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் மவனை எரிச்சீங்களா, அடக்கம் பண்ணீங்களா? அங்க எல்லாரையும் எரிச்சுருவாங்கன்னு எஸ்டேட்ல பறையுறாங்க. ராத்திரி ஒறக்கம் வரல, கேட்டோ."

"அடக்கம்தான் பண்ணினோம் அம்மா. தரை கல்லாட்டம் உறைஞ்சு கெடந்தது. பசங்க மாத்தி மாத்திக் கடப்பாரை போட்டுத் தோண்டினா. சிலுவை நட்டோம். ஜெபம் நான்தான் சொன்னேன்."

அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். அதோடு விட்டிருக்கலாம். இந்த மனுஷர் விட்டால்தானே!

"ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு. மூடறதுக்கு முந்தி, பழக்க தோஷம், பூஜைப் பையிலேர்ந்து அரிசி எடுத்து அவன் வாயில போட்டுட்டேன். வாய்க்கரிசி. எங்காத்துல பெத்தவா, பிள்ளைகள் போடறது. உங்க வழக்கத்துல கெடையாது. போட்டப்புறம்தான் ஞாபகம் வந்தது. நீங்க க்ஷமிக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. யார் கேட்டார்கள் இதை? அவ்வளவு தூரம் வந்தவள் இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள். தன் மகனின் அடக்கத்தையே ஒரு பிராமணன் தீட்டாக்கிவிட்டான் என்று நினைத்தபடி இவள் பஸ் ஏற வேண்டுமா?

அவள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"பச்சரிசியா சாமி, புழுங்கரிசியா?"

அவர் விழித்தார். "பச்சரிசிதான்."

"அப்பச் சரி. புழுங்கரிசின்னா அவன் வாயில வைக்கமாட்டான். பட்டினியாத்தான் போயிருப்பான்."

சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். எத்தனையோ பேரை வழியனுப்பி வைத்த என் கணவர், சின்னப் பையனைப் போல் விம்மி அழுதார்.